ஐநூறு மார்க் வாங்கிய டயர்

கர்ஸக்கான் கிராமம்
சனிக்கிழமை தொடங்கி திங்கட்கிழமை முடித்தது

அளவற்ற அருளாளனின் பெயரால்.

என் தங்கை ஸகீனாவின் மூத்த மகனும், அபுதாபிக் கடல் நடுவே எரிவாயு மேடையில் வேலை பார்ப்பவனும், என் கண்ணுக்குக் குளிர்ச்சியானவனுமாகிய மைதமுக்கு, மாமா மர்ஹூன் சலாம் சொல்லி எழுதுவது. உன் உடம்பு சுகமா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, கடல் அமைதியாக இருக்கிறதா? இங்கே நானும் உன் மாமியும் சுகம். நம் ஆடுகளில் வெள்ளை ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் சுகம். சலாம் சொல்லி, சுகம் கேட்டு, ஆட்டையும் எழுதி முடிப்பதற்குள் சனிக்கிழமை காலை முழுக்கப் போய்விட்டது. ஆனால் பார், எவ்வளவு அழகாக வந்திருக்கிறது.

இதை நானே எழுதுகிறேன் என்பதைக் கவனி. நான் சொல்ல இன்னொருவர் எழுதிய கடிதம் இல்லை. எழுபத்திரண்டு வயதில் சேவைச் சங்கத்து முதியோர் வகுப்பில் சேர்ந்து, அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் நடுவே ஏழு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நாற்பத்தொரு வருடம் தண்ணீர் லாரி ஓட்டியபோது இந்தத் தீவில் உள்ள எல்லாப் பெயர்ப்பலகைகளையும் கடந்து போயிருக்கிறேன், ஒன்றுகூட என்னோடு பேசியதில்லை. இப்போது எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. நம் தெருமுனைக் கடையின் பெயர் ‘மகிழ்ச்சி மளிகை’ என்று போன மாதம்தான் தெரிந்தது. இருபது வருடமாக அந்தக் கடைக்காரர் சிரித்து நான் பார்த்ததில்லை. தைலப் புட்டி, தயிர் டப்பா, மின்சாரப் பெட்டியில் மண்டையோடு போட்ட எச்சரிக்கை, ஒன்றையும் நான் விடுவதில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ பாதியில் கிழித்துப் போட்டாலும் போடுவாய். மாப்பிள்ளையாக நீ வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை மைதம். டயர்தான் வேண்டாம். டயருக்கு வந்த பதிலை உனக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம், உனக்கு வந்த பதிலை நான் டயருக்கு வைத்துக்கொண்டேன். தப்பு முழுக்க என்னுடையது. அதுவும் எனக்கு எழுதப் படிக்கத் தெரிந்ததால் வந்த தப்பு. புதன்கிழமை உன் தாய்க்கு ‘கொடுப்பினை இல்லை’ என்று சொல்லி அனுப்பியதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. உன் தாய் என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறாள். நீ வியாழக்கிழமை இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப்போவதாக ஊரில் பேச்சு. உன் அறையில் உன்னோடு தங்கும் ஹானி செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறான், இதை அவன் கையில்தான் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போடும் முன் கடைசி வரிவரை படித்துவிடு.

இனி நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நீ கடலுக்குப் போகும்போது உன் இரண்டு இருக்கைக் காரை என் வாசலில் நிறுத்திவிட்டு, சாவியோடு ஒரு தாள் கொடுத்தாயே, அதில் என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கும். நான் மனப்பாடமாகவே சொல்வேன். ‘மாமா, நான் திரும்பும் வாரம் வெள்ளிக்கிழமை சகீர் கார் ஓட்டப்பாதைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. சக்கரம் பதினைந்து அங்குலம், லேசானது. டயர் இருநூறு என்ற எண் போட்டது. சையது ஷுப்பர் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். மாட்டி, ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பழக்கி வையுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.’ வாழ்க்கையில் எனக்கென்று ஒருவர் எழுதி நானே படித்த முதல் தாள் அது. இரண்டு நாள் ஆயிற்று. படித்து முடித்ததும் அழுதுவிட்டேன், உன் மாமி யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். பிறகு நிதானமாக யோசித்தேன். காரியம் இவ்வளவு சுலபமாக ஒரு தாளில் முடிந்துவிட்டால் அதில் ஏதோ குறை இருக்க வேண்டும். நாலு பேரைக் கேட்காமல் ஒரு செருப்பு வாங்கினாலும் நம் ஊரில் திமிர் என்பார்கள். இதுவோ நாலு டயர்.

எனவே தாளை எடுத்துக்கொண்டு ஊரார் கூடிப் பேசும் மஜ்லிஸுக்குப் போனேன். எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை. டயர் பற்றிக் கருத்து இல்லாத மனிதன் நம் மஜ்லிஸில் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அலுமினிய ஆலையில் இருந்தவர் ஒன்று சொன்னார், இறால் படகு வைத்திருப்பவர் ஒன்று சொன்னார், கார் ஓட்டவே தெரியாதவர் மிக நீளமாகச் சொன்னார். மீன் வியாபாரி மக்கிதான் கடைசியில் முடிவு சொன்னான். டயரின் பக்கத்தில் போட்டிருக்கும் எண் அதன் மார்க் என்றான். நூறு, இருநூறு, ஐநூறு என்று இருக்கிறதாம்.

“ஐநூறு மார்க் வாங்குனவன் கண்ணு முன்னாடி நிக்கிறான், நீ போயி இருநூறு வாங்குனவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவியா அபு ஜலீல்?” என்று என்னைக் கேட்டான்.

நானும் இப்போது வகுப்புக்குப் போகிறவன் அல்லவா, மார்க் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். போன பரீட்சையில் எழுபத்தெட்டு வாங்கினேன். அந்த எழுபத்தெட்டை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐநூறு வாங்கிய டயர் மேல் எனக்கு உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது.

சையது ஷுப்பர் கடையில் மூன்று வகை டயரையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றி வந்து எண்ணைப் படித்தேன். ஆங்கில எழுத்து இன்னும் வராது, எண் வரும். சையது பொறுமையான மனிதர். “ஹாஜி, அது மார்க் இல்ல. சின்ன நம்பர்னா ரோட்ல ஒட்டும், சீக்கிரம் தேயும். பெரிய நம்பர்னா லேசுல தேயாது, ஆனா ஒட்டாது. அந்த ஐநூறு டாக்ஸிக்காரங்க வாங்குறது” என்றார். தேயாதது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். நல்லதுதான், ஆனால் இந்தக் காருக்கு இல்லை என்றார். நல்லது என்றால் எல்லாருக்கும் நல்லதுதானே, அதென்ன இந்தக் காருக்கு மட்டும் இல்லை? அவர் தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு சக்கரத்தைக் காட்டினார், நீ சொல்லிவைத்த லேசான சக்கரத்தை. அதை ஒரு கையால் தூக்கிவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் ஒரு கையால். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிரே மக்கியின் மீன் கடைக்குப் போய், சாஃபி மீனை இறக்கிவிட்டுத் தராசில் வைத்தேன். ஆறு கிலோவைக்கூடத் தொடவில்லை. அடுத்து ஒரு இரும்புச் சக்கரத்தை வைத்தேன், ஒன்பதரை கிலோ. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் இரும்பைத்தான் எடுக்கச் சொன்னார்கள். நான் வாழ்நாள் முழுக்க பேரீச்சையை எடை போட்டு வாங்கியிருக்கிறேன், மீனை எடை போட்டு வாங்கியிருக்கிறேன், கல்யாணத்துக்குத் தங்கத்தை எடை போட்டு வாங்கியிருக்கிறேன். எடை குறைந்த பொருளைத் தேடிப் போய் வாங்கும் மனிதனை அதுவரை கேள்விப்பட்டதில்லை. எனவே சக்கரம் இரும்பு என்று அங்கேயே முடிவாகிவிட்டது. இரும்பு உன் காரின் பிரேக்கில் இடிக்கும் என்று சையது சொன்னார். மாட்டிப் பார்த்தால் நடுவே ஒரு விரல் போனது. பிறகென்ன என்றேன். என் சுண்டுவிரல்தான் போனது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

டயர் மட்டும் முடிவாகவில்லை. மஜ்லிஸ் ஒன்று சொல்கிறது, சையது ஒன்று சொல்கிறார், உன் தாள் ஒன்று சொல்கிறது. மனசு தடுமாறினால் நாம் என்ன செய்வோம், ஷேக் மன்ஸூருக்குப் போன் செய்து இஸ்திகாரா கேட்போம். இந்த ஊரில் மாடு வாங்கவும், மாடி கட்டவும், பல் பிடுங்கவும் அவரைத்தான் கேட்கிறோம், டயருக்குக் கேட்டால் மட்டும் தப்பா? என்ன விஷயம் என்று அவர் கேட்கமாட்டார், நாமும் சொல்லமாட்டோம். மனசில் நினைத்துக்கொண்டு ‘ஒன்று’ அல்லது ‘மூன்று’ என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். அவர் வேதத்தைத் திறந்து பார்த்துவிட்டு, நல்லதா, வேண்டாமா, நடுத்தரமா என்று போனுக்கு எழுதி அனுப்பிவிடுவார். திங்கட்கிழமை காலை உன் மாமியின் போனை எடுத்து மூன்று என்று சொன்னேன். மனசில் நினைத்த வரிசை இது: முதலில் ஐநூறு, ஏனென்றால் மூத்தவன். அடுத்து உன் இருநூறு. கடைசியில் அந்த நூறு, அது மிட்டாய் மாதிரி மெத்தென்று இருந்தது.

இப்போதுதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, உன் தாய் எங்கள் வீட்டுக்கு வந்து ரபாபை உனக்குக் கேட்டாள். என் மகளை என் தங்கை மகனுக்குக் கேட்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத எனக்கு இன்னும் வார்த்தை போதாது, வகுப்பில் இன்னும் பாதிப் புத்தகம் பாக்கி இருக்கிறது. ரபாப் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். உன் மாமி எந்த நல்ல காரியத்தையும் ஷேக்கைக் கேட்காமல் செய்யமாட்டாள். அவளும் அதே திங்கட்கிழமை காலை, அதே போனில், எனக்கு முன்னாலேயே கூப்பிட்டு ‘ஒன்று’ என்று சொல்லியிருக்கிறாள். அது நீ.

பதினோரு மணிக்கு நான் போனை எடுத்தபோது நான்கு பதில் வந்திருந்தது. ரபாபிடம் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் படித்திருப்பாள். ஆனால் கல்யாணப் பேச்சை அவளிடமே படிக்கக் கொடுப்பது மரியாதை இல்லை, அதோடு வீட்டில் இப்போது நானும் படித்தவன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கையும் படித்து முடிக்கும்போது நண்பகல் ளுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். முதலாவது: மிக நல்லது, ஆரம்பத்தில் கொஞ்சம் சூடு இருக்கும், பிறகு கடைசிவரை விட்டுப் பிரியாது. இரண்டாவது: நடுத்தரம், நீண்ட நாள் உழைக்கும், மகிழ்ச்சி குறைவு. மூன்றாவது: நல்லது, தாமதிக்க வேண்டாம். நான்காவது: வேண்டாம், பார்வைக்கு அழகு, நிலைக்காது, வெயில் பட்டால் உருகிவிடும்.

உன் மாமி மீன் வறுத்துக்கொண்டே, “இதுல எனக்கு வந்தது எது?” என்று கேட்டாள்.

“நான் மூணு கேட்டேன், நீ ஒன்னு. முதல் மூணு எனக்கு, மிச்சம் உனக்கு” என்றேன்.

“நான்தானே முதல்ல கேட்டேன்.”

“வீட்டுக்குப் பெரியவனுக்குத்தான் முதல்ல பதில் வரும். படிச்சவன் சொல்றேன், கேளு.”

அவள் கரண்டியால் மீனைத் திருப்பிப் போட்டாள். “நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும்” என்றாள். கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருடத்தில் நான் சொன்னதை எதிர்ப்பேச்சு இல்லாமல் அவள் ஏற்றுக்கொண்டது அது ஒருமுறைதான். எனக்கு அப்படியே வானத்தில் நடப்பது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை, அதுதான் நான் செய்த பெரிய குற்றம். மிக நல்லது, கடைசிவரை விட்டுப் பிரியாது என்பதை ஐநூறு மார்க் டயருக்கு வைத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை போய் நாலையும் இரும்புச் சக்கரத்தோடு மாட்டிக்கொண்டு வந்தேன். பார்வைக்கு அழகு, நிலைக்காது, வெயிலில் உருகிவிடும் என்பது உனக்குப் போனது. உன் மாமி ஒருநாள் முழுக்க அழுதாள். ‘அந்தப் பையன் எப்பவும் வெயிலுக்குக் கண்ணாடி போட்டுக்கறப்பவே நினைச்சேன்’ என்று அவளாகவே அதற்குக் காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். புதன்கிழமை உன் தாய்க்குச் சொல்லி அனுப்பினோம். ரபாபிடம் நான் சொன்னபோது அவள் வாசலில் உன் காரின் பக்கத்தில் குனிந்து அந்த இரும்புச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சரி வாப்பா’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சக்கரத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். துக்கம் வந்தால் பிள்ளைகள் இந்தக் காலத்தில் எதையாவது படம் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் தர முடியாது என்று சொன்னாலும், டயரைப் பழக்கி வைப்பதாக உனக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உன் காரை எடுத்துக்கொண்டு சகீருக்குப் போனேன். கனரக வாகன உரிமத்தைக் காட்டினேன், வாயிலில் இருந்தவர்கள் அதைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்கள். தலைத்துணிக்கு மேல் தலைக்கவசம் ஏறவில்லை, எடுத்துவிட்டுப் போட்டேன். உன் கார் எவ்வளவு தாழ்வு மைதம், உட்கார்ந்தால் சாலையில் பாய் விரித்துப் படுத்தது போல இருக்கிறது. முதல் சுற்றை நான் ஓட்டியது போல யாரும் அங்கே ஓட்டியிருக்கமாட்டார்கள். பின்னால் ஐயாயிரம் கேலன் தண்ணீர் இருப்பது போலத்தான் எனக்கு ஓட்டத் தெரியும். வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கைத் தொட வேண்டும், தண்ணீர் முன்னால் வந்து இடிக்கும், அது பின்னால் போகும்வரை பொறுத்து, பிறகுதான் திருப்ப வேண்டும். தண்ணீர் இல்லை என்று மனசுக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

முதல் வளைவில் ஒரு மனிதன் நின்றுகொண்டு என்னைப் பார்த்து நீலக் கொடியை ஆட்டினான். முன்பின் தெரியாத மனிதன் இவ்வளவு மரியாதையாகக் கை வீசும்போது சும்மா போகிறவன் மனிதனா? ஓரமாக நிறுத்திக் கண்ணாடியை இறக்கிச் சலாம் சொன்னேன்.

“ஹாஜி, நிக்காதீங்க, பின்னாடி வண்டி வருது, போங்க” என்றான்.

“வரட்டும். வீட்ல எல்லாரும் சுகமா? எந்த ஊரு?”

“தார் குலைப். ஹாஜி, போயிடுங்க.”

தார் குலைபில் யார் மகன் என்று கேட்டேன். சொன்னான். அவன் பெரியப்பா என்னோடு ஒன்பது வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். அதை அவனிடம் சொல்லாமல் எப்படிப் போவது? அதற்குள் எல்லா வளைவிலும் சிவப்புக் கொடி போட்டு எல்லாக் கார்களையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வளைவில் இருந்தவனுக்கும் சலாம் சொல்ல நிறுத்தினேன். இவனுக்குச் சொல்லி அவனுக்குச் சொல்லாமல் போனால் அவன் மனசு என்ன பாடுபடும்? மூன்றாவது வளைவில் நான் நிறுத்தும் முன்பே அந்தப் பையன் ஓடிவந்து, என் சலாம் கம்பியில்லாக் கருவி மூலம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, எல்லாரும் பதில் சலாம் சொல்லிவிட்டார்கள், இனி எங்கும் நிற்காமல் ஓட்டினால் போதும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டான். நல்ல பிள்ளைகள்.

எனவே நிற்காமல் ஓட்டினேன். பின்னால் ஒரு மஞ்சள் கார் முட்டுவது போல வந்தது. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, காலை அழுத்தினேன். வளைவில் திருப்பினேன், டயர் ஆடு கத்துவது போல நீளமாகக் கத்தியது, ஆனால் கார் திரும்பவில்லை. இன்னும் திருப்பினேன். பிறகு எல்லாம் சேர்த்து ஒரேயடியாகத் திரும்பிவிட்டது. தட்டில் அல்வாவைச் சுற்றிவிட்டது போல இரண்டு சுற்றுச் சுற்றி, மணலில் போய், வந்த வழியைப் பார்த்து நின்றது. எதிரே அதே மூன்றாவது பையன். அவனுக்கு மறுபடி சலாம் சொன்னேன். காருக்கு ஒரு கீறல் இல்லை, எனக்கும் இல்லை. மணலில் உட்கார்ந்தபடி நான் நினைத்தது ஒன்றுதான். கடைசிவரை விட்டுப் பிரியாது என்று ஷேக் சொன்ன டயர் முதல் வெள்ளிக்கிழமையே சாலையை விட்டுப் பிரிந்துவிட்டதே.

உன் மாமியின் போன் என் அங்கிப் பையில் இருந்தது. இழுக்கும் வண்டி வரும்வரை அந்த நான்கு பதிலையும் மறுபடி படித்தேன். இப்போது நிதானமாகப் படித்ததால் ஒவ்வொன்றுக்கும் கீழே சின்னதாக மணி போட்டிருப்பது கண்ணில் பட்டது. முதல் பதில் வந்தது பத்து மணி பத்து நிமிடத்துக்கு. நான் ஷேக்கைக் கூப்பிட்டதே பத்தரை மணிக்கு, வானொலியில் செய்தி முடிந்த பிறகு. நான் கேட்பதற்கு முன்னாலேயே எனக்கு எப்படிப் பதில் வரும்? விரலை விட்டு எண்ணினேன். எல்லாப் பதிலும் ஒவ்வொரு படி கீழே இறங்கிவிட்டது, மைதம். நடுத்தரம், உழைக்கும், மகிழ்ச்சி குறைவு என்றது ஐநூறை. நல்லது, தாமதிக்க வேண்டாம் என்றது நீ எழுதிக் கொடுத்த இருநூறை. வெயிலில் உருகிவிடும் என்றது அந்த மிட்டாய் டயரை. மிக நல்லது, ஆரம்பத்தில் கொஞ்சம் சூடு, பிறகு கடைசிவரை விட்டுப் பிரியாது என்றது உன்னை. மணலில் உட்கார்ந்து நான் சிரித்ததைப் பார்த்து எனக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்று மருத்துவ வண்டியையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உறுதிக்காக ஷேக்கைக் கூப்பிட்டேன். “நீங்க என்ன கேட்டீங்கன்னு எனக்குத் தெரியாது ஹாஜி, தெரியவும் வேணாம். முதல்ல ஒரு பெண்குரல் ஒன்னு கேட்டுச்சு, கொடுத்தேன். அப்புறம் நீங்க மூணு கேட்டீங்க, கொடுத்தேன். வரிசை மாறாது” என்றார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நான்கு பதிலையும் வரிசையாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “அந்த ரெண்டாவது டயர் எந்தக் கடைல கிடைக்குது?” என்று கேட்டார்.

உன் மாமியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “படிச்சவங்கன்னு நம்பினேன்” என்றாள், அவ்வளவுதான். இன்றுவரை எனக்கு மீனில் வால் துண்டுதான் விழுகிறது.

எனவே மருமகனே, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே. அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. வியாழக்கிழமை கரைக்கு வந்துவிடு, உன் தாயைக் கூட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வா, உன் மாமி இனிப்புச் சேமியா பலாலீத் செய்து வைத்திருப்பாள். உன் காரின் சக்கரத்தையும் டயரையும் நீ எழுதிய தாளில் உள்ளபடியே நான் மாற்றி வைக்கிறேன், இனி ஒருவரையும் கேட்கமாட்டேன். இதற்காக உன்னிடம் நான் கேட்பது ஒரு வார்த்தை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ரபாபிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

மன்னிப்பு.

உனக்கு நீண்ட ஆயுளும், உன் வீட்டுக்கு வெளிச்சமும், உன் கடலுக்கு அமைதியும் இறைவன் தரட்டும். ஹானிக்கும் உன் அறையில் உள்ளவர்களுக்கும், உங்களுக்குச் சோறாக்குகிறவருக்கும் என் சலாம்.

உன் மாமா,
மர்ஹூன், ஜலீலின் தந்தை. தன் கையால்.

பின்குறிப்பு: மேலே உள்ளது எதையும் நீ படிக்க வேண்டியதில்லை. ‘மன்னிப்பு’ எப்படி எழுதுவது என்று கேட்டதும் ரபாப், யாரிடம், எதற்கு என்று கேட்டாள். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள், பாதியில் உட்கார்ந்துவிட்டாள். படித்து முடித்ததும், “வாப்பா, தடுமாறுறவங்கதான் இஸ்திகாரா கேக்கணும். நீங்க தடுமாறினீங்க, உம்மா தடுமாறினாங்க. என்னை யாராவது கேட்டீங்களா? எனக்குத் தடுமாற்றமே இல்ல” என்றாள். புதன்கிழமையே உனக்குப் போன் செய்து சம்மதம் சொல்லிவிட்டாளாம். வியாழக்கிழமை நீ கையெழுத்துப் போடப் போவது கரையில் வேலை கேட்டுத்தானாம், கடலில் இன்னொரு வருடம் இருக்க இல்லையாம். உன் தாய்க்கும் எல்லாம் தெரியுமாம், கதவைச் சாத்துவது சிரிப்பை அடக்க முடியாமல்தானாம். நீ என் போனை எடுக்காததும் பெண் கொடுக்காததற்காக இல்லையாம். அந்த இரும்புச் சக்கரத்தின் படத்தை அவள் உனக்கு அனுப்பினாளாம், அதிலிருந்துதானாம்.

இன்னொன்று. உன் லேசான சக்கரத்தையும் இருநூறு டயரையும் சையது ஷுப்பர் யாருக்கும் விற்காமல் தனியாக எடுத்து வைத்திருந்தாராம். சனிக்கிழமை காலையிலேயே ரபாப் போய் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று நாளாகக் கார் வாசலில் அந்தச் சக்கரத்தில்தான் நிற்கிறது, நான் உனக்கு எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. ஐநூறு மார்க் நாலும் மக்கியின் மீன் வண்டிக்கு அளவாகப் பொருந்திவிட்டன. வரும் வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்குக் கொடுத்திருக்கும் பெயரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள், பட்டியல் போனில் இருக்கிறதாம். படித்தேன். ரபாப் மர்ஹூன் என்று இருந்தது. என் பெயரை அச்சில் நான் படித்தது இதுதான் முதல் தடவை. காற்று அளவு பார்த்துச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறாள். நீ அவள் பக்கத்து இருக்கையாம்.

கடிதத்தைக் கிழிக்காமல் திருப்பிக் கொண்டுவா. மூன்று நாள் எழுதினேன், வகுப்பில் காட்ட வேண்டும்.